மோட்டார் கொட்டகைக் கதவுக்கு ரப்பர் பட்டை

மலாயாவில், பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவின் மோட்டார் கொட்டகைக் கதவுக்கு அடியில் ஓடிய ரப்பர் பட்டை தேய்ந்துபோனது. பட்டை என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க, வெள்ளைக்காரத் துரை வைத்த கையகல ரப்பர். மோட்டாருக்குக் கால் நனைந்தால் சளி பிடிக்கும் என்று அவருக்குப் பயம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும், அதை மழையில் நனைக்க மனமில்லாமல், அவர் யாரோ சிநேகிதர் காரில் தொத்திக்கொண்டு தெற்கே ஓடிவிட்டார். வந்தவர்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார்கள். கொட்டகையும் கதவும் தேய்ந்த பட்டையும் எங்களுக்கு மிச்சம்.

அப்புறம் கிழங்கு ராஜ்ஜியம் வந்தது. காலையில் மரவள்ளியை அவித்துத் தின்றோம், மத்தியானம் சுட்டுத் தின்றோம், ராத்திரி மாவாக்கிக் கரைத்துக் குடித்தோம். கூலி வீடுகள் இருந்த லயத்தில் செல்லாயி என்று ஒருத்தி, பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். புருஷனை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மகள் ஒருநாள், "சோறுன்னா எந்தக் கிழங்கும்மா?" என்று கேட்டது.

அப்படி இருக்கும்போது, தீபாவளிக்குத் தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி கொடுக்க மேலிடம் மனம் கனிந்து உத்தரவு போட்டது. சுங்கைப் பட்டாணியிலிருந்து மாட்டு வண்டியில் மூட்டைகள் வந்து இறங்கின. ஸ்டோரில் வைக்க இடமில்லை. அங்கே வாங்க ஆள் இல்லாத ரப்பர் ஷீட் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. ரப்பர் நனைந்தால் ராஜத்துரோகம், அரிசி நனைந்தால் நம்ம தலையெழுத்து. ஆகவே அரிசி மோட்டார் கொட்டகைக்குப் போனது. தீபாவளி வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று கட்டளை. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

மழைத்தண்ணீர் கதவுக்கு அடியில் தாராளமாக உள்ளே போவதைப் பார்த்து, செல்லாயி நேரே ஆபீசுக்கு ஓடினாள். ஆபீசில் இருந்தவர் எர்னஸ்ட் கிராணி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. வெள்ளைக்காரன் காலத்தில் டையும் நடு வகிடும் எண்ணெயுமாக, தமிழையே இங்கிலீஷ் மாதிரி பேசியவர். இப்போது மொட்டை அடித்து, காலில் பட்டி சுற்றி, கையில் துணிப்பட்டை கட்டி, கூப்பிட்டால் ஜப்பான்காரன் மாதிரி "ஹை" என்கிறார். அவரைப் பார்த்து தோட்டத்தில் பாதிப் பேர் மொட்டை. பழனிக்குக்கூட இத்தனை பேர் நேர்ந்துகொண்டதில்லை.

"ஸ்டோர்ல ரப்பர் கெடக்குதே, ஐயா. ஒரு ஷீட்டை நறுக்கிக் கதவடியில ஒட்டினாப் போதும்லா" என்றாள் செல்லாயி.

"ரப்பர் போர்ப் பொருள். கை வச்சாத் தலை போயிடும்."

"சரி, மரத்துல இருக்கிறது?"

"அது இன்னும் வெளிய வராத போர்ப் பொருள்."

தோட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ரப்பர் மரம். நடுவில் நின்றுகொண்டு நாங்கள் ஒரு முழ ரப்பருக்கு உத்தரவு கேட்டோம். கேட்காமல் செய்தால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் பிறந்தவன் தும்முவதற்குக்கூட கங்காணி முகத்தைப் பார்ப்பான். மூன்று தலைமுறைப் பழக்கம், சும்மா விடுமா?

கடைசியில் கிராணி, தோட்டங்களை மேற்பார்வை பார்க்கும் ஜப்பான்கார ஒகாவா துரையிடம் போனார். கூடவே நாங்களும் கும்பலாகப் போய், மழை விட்ட நேரத்து வெயிலில் நின்றோம். கதவு ஒழுகுகிறது என்று கிராணி வாயெடுத்ததும் ஒகாவா துரைக்கு முகம் சிவந்தது. ஜப்பான் என்று சொல்ல மாட்டார், நிப்போன் என்பார். நிப்போன் ஆட்சியில் எந்தக் கதவும் ஒழுகாது என்றார். கிராணி கன்னத்தைத் தடவிக்கொண்டே, அடி விழுவதற்கு முன்னாலேயே, யோசித்தார். அவரைக் குறை சொல்லலாம், மூளை இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

"துரை, கதவு ஒழுகல. அடியில இருந்த பிரிட்டிஷ் ரப்பர் தோத்து ஓடிடுச்சு. காவலுக்கு நிப்போன் ரப்பர் வேணும்."

ஒகாவா துரை எழுந்து நின்று கை குலுக்கினார். உடனே உத்தரவு கிடைத்தது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. தோட்டத்தில் இருந்த மரம் எல்லாம் வெள்ளைக்காரன் நட்டது. பிரிட்டிஷ் மரத்தில் நிப்போன் ரப்பர் எப்படி வரும்? துரை ஒரு முழுப் பகல் யோசித்து, பங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சிவப்புத் துணி கட்டி, தங்கள் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கைப் பார்த்து வணங்கி, இனிமேல் இது நிப்போன் மரம் என்று அறிவித்தார். மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டால் எங்கள் ஜனம் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஏறிவிட்டது. லயத்து மருதம்மாளுக்கு அருள்கூட வந்தது. துரை அதைப் பார்த்து, மக்களுக்கு நிப்போன் மேல் இவ்வளவு பக்தியா என்று கண் கலங்கினார். எல்லாருக்கும் திருப்தி.

அந்த மரத்துப் பாலை எடுத்து, உறைய வைத்து, மெசினில் கொடுத்துப் பட்டையாக்கியவர் முனியாண்டி அண்ணன். இங்கேதான் எங்கள் கைவரிசை. மேல் லயத்துக்காரர்களுக்குக் கீழ் லயத்தார் மேல் சந்தேகம். கீழ் லயத்துக்காரர்களுக்கு மேல் லயத்தார் மேல் சந்தேகம். பக்கச் சந்தில் மூங்கிலை விட்டு மூட்டையைக் குத்தினால் அரிசி தானாக வந்துவிடுமே! ஆகவே அடியில் மட்டும் போதாது, ரெண்டு பக்கமும் மேலேயும் கதவின் ரெண்டு பலகை சேரும் நடுவிலும் பட்டை வேண்டும் என்று ரெண்டு லயமும் அபூர்வமாக ஒத்துப்போய்க் கேட்டோம். ஒட்டுவதற்குப் பச்சை ரப்பர் பால். திருட்டுப் பயத்தில் அதையும் ரெண்டு பூச்சு பூசச் சொன்னோம்.

பால் காய்ந்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். பாலோடு புழங்கும் எங்களுக்கு அது தெரியாதா? ஆனால் துரை குறித்த நேரத்துக்கு விழா தொடங்கிவிட்டது. முனியாண்டி அண்ணனுக்கு வெள்ளைக் கையுறை மாட்டி, கதவை மூடும் கௌரவத்தை அவருக்கே கொடுத்தார்கள். கையுறை போட்ட மனுஷன் காயட்டும் என்று சொல்வாரா? கம்பீரமாக இழுத்துச் சாத்தினார். நாங்கள் மூன்று தடவை "பன்சாய்" என்று ஜே போட்டோம். பால் உறைந்தது, பட்டையும் பட்டையும் ஒன்றாகி, கதவும் சுவரும் ஒரே உடம்பாகிவிட்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் அரிசி அளந்து கொடுக்கலாம் என்று இருளப்பன் கங்காணி போய்க் கதவை இழுத்தார். கைப்பிடி மட்டும் வந்தது. பாராங் கத்தியால் பட்டையை அறுக்கலாம் என்று ஒருவர் ஓங்க, கிராணி குறுக்கே விழுந்து தடுத்தார். நிப்போன் ரப்பரை வெட்டுவது நாச வேலை, தலை போகும் என்றார். பலகையை உடைத்தாலும் பட்டை கிழியும். கூரையைப் பிரித்தால் மழை உள்ளே போகும், மழை உள்ளே போனால் நிப்போன் கதவு ஒழுகியதாக அர்த்தம். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சுவர்.

திறக்க உத்தரவு கேட்டு கிராணி மறுபடி ஓடினார். ஒகாவா துரை வந்து, தள்ளிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, ஆனந்தப்பட்டார். இப்படி ஒரு கதவு வெள்ளைக்காரனிடம் உண்டா என்றார். பாதுகாப்பதற்குத்தானே கதவு, திறப்பதற்கா என்றும் கேட்டார். அன்றே பக்கத்து ஊரான பாக்கார் ஆராங்கிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். வந்தவர்கள் கதவைத் தடவிப் பார்த்து, எங்க ஊர்க் கதவெல்லாம் கதவா லா என்று அலுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

"பெருமையைத்தான் உலையில போடணும்" என்றாள் செல்லாயி. "கதவையா திங்கப் போறோம்?"

தீபாவளி அன்று காலையில் எல்லாரும் கிழங்கைத் தின்றுவிட்டு, துரையின் வாழ்த்தைப் பெற மோட்டார் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கொட்டகைக்குள்ளிருந்து கரகர, கரகர என்று. தோட்டத்தில் அந்தச் சத்தம் தெரியாத பிள்ளை கிடையாது. எலி. மழைக்கு ஒதுங்கி உள்ளே போனதுகள், பழைய சந்து இருந்திருந்தால் வெளியே வந்து போயிருக்கும். வழியை அடைத்து, அரிசியோடு குடும்பம் குடும்பமாக உள்ளே வைத்து ரெண்டு பூச்சுப் பால் ஊற்றி மூடியது நாங்கள்தான்.

துரைக்கும் காது கேட்டது. என்ன சத்தம் என்றார். கிராணிக்கு மொட்டைத் தலையெல்லாம் வேர்வை. துரை கிராணியை விட்டுவிட்டு, முன்வரிசையில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற செல்லாயியைப் பார்த்துக் கை நீட்டினார். நீ சொல், அரிசி காய்ந்திருக்கிறதா?

அவள் வாயைத் திறந்தால் அத்தனை பேர் கன்னமும் போகும். இந்தப் பக்கம் மருதம்மாள் கிள்ளினாள், அந்தப் பக்கம் கங்காணி இருமினார். செல்லாயி எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

"நல்லாக் காஞ்சிருக்கு, துரை" என்றாள். "அதான் கரகரன்னு சத்தம் வருது."

கிராணி அதை ஜப்பான் பாஷையில் எப்படிச் சொன்னாரோ, துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பத்திரமான இடம் வேறெங்கும் இல்லை, இனிமேல் வருஷா வருஷம் உங்கள் அரிசி இங்கேதான் இருக்கும் என்று அறிவித்தார்.

நாங்கள் எல்லாரும் பலமாகக் கை தட்டினோம். உள்ளே இருந்தவர்கள் பயந்து ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். கைதட்டல் தங்களுக்குத்தான் என்று புரிந்ததும், மறுபடி ஆரம்பித்தார்கள்.