மூன்று வாரம் முந்திய ஆடி

பஞ்சாங்கத்தோடு சண்டை போட்டே ஆயுளைக் கழித்த மனிதர் பாளையங்கோட்டையில் ஒருவர்தான் இருந்தார். ஊர் உலகத்துக்கெல்லாம் பொங்கலன்று தை பிறக்கும். எங்கள் ஆபீஸ் குமாஸ்தா நிழலளந்தானுக்கு மட்டும் மார்கழி முதல் வாரம் தாண்டியதுமே பிறந்துவிடும்.

ஆபீஸ் முற்றத்தில் குச்சி நட்டு, உச்சிவேளையில் அதன் நிழலை அளப்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. மார்கழியில் வடக்கே நீண்டுகொண்டே போகிற நிழல் ஒருநாள் குறையத் தொடங்கும். சூரியன் திரும்பியாச்சு என்று அன்றைக்கே பொங்கல் வைத்துவிடுவார். தெருவே பஜனை பாடும்போது இவர் ஒருவர் மட்டும் “பொங்கலோ பொங்கல்” என்று கத்துவார். எங்கள் தலைமை குமாஸ்தா கிறிஸ்தவர். கையில் பொங்கலைக் கொடுத்ததும் அவர் சிரிப்பார்.

“கிறிஸ்துமசையும் முந்திட்டீரே வே!”

“ஏன் வே இந்த வம்பு?” என்று நான் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

“சுத்துத பம்பரம் தலையாட்டுதுல்லா? பூமியும் அப்படித்தான் பைய ஆட்டுது. பஞ்சாங்கக்காரன் நட்சத்திரத்த வச்சு மாசம் எண்ணுதான். நான் நிழல வச்சு எண்ணுதேன். ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. இப்பம் மூணு வாரம் வெலகிட்டு. நிழல் பொய் சொல்லுமா வே?”

இப்படிப்பட்டவருக்கும் முப்பது வயதுக்கு மேல் ஏரலில் பெண் கிடைத்தது. பெயர் சொர்ணம். இரண்டு கணக்கிலும் வைகாசியாக இருக்கிற நாளாகத் தேடிப் பிடித்துத் தாலி கட்டினார். அடுத்த வீட்டுக்காரன் நான்; சொல்கிறேன், அந்த வீட்டில் அதன் பிறகு பேச்சும் சிரிப்பும் ஓயவே இல்லை.

ஆனியில் நிழல் தெற்கே நீண்டு நின்று திரும்பும். வருஷா வருஷம் அன்று “ஆடி பொறந்தாச்சு வே!” என்று ஆபீசையே ரெண்டாக்குவார். கல்யாணமான அந்த வருஷம் மட்டும் மூச்சு விடவில்லை. காய்ச்சலோ என்றுகூட நினைத்தேன்.

ஊர்க் கணக்கில் ஆனி முடிகிற அன்று மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்து அடி என்று பழமொழியே இருக்கிறது. இங்கே அழைக்க வந்தவளுக்குத்தான் வந்தது வினை.

“மாப்ளே, சொர்ணத்த ஒரு மாசம் கூட்டிட்டுப் போறேன்.”

மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒரு மாசமா? ஆடி முடிய இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு அத்தை!”

பம்பரம் சுற்றியது. பூமி தலையாட்டியது. “ஆத்துல புதுவெள்ளம் என்ன பஞ்சாங்கம் பாத்தா வருது?” என்றார். சாட்சிக்கு என்னையும் இழுத்தார். நான் தலையைச் சொறிந்தேன். மாமியார் வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டாள்.

“அப்பம் ஆடி பொறந்து மூணு வாரம் ஆச்சுன்னு சொல்லுதீக.”

“ஆமா! ஆமா!”

“அப்பம் இந்த மூணு வாரமும் எம்மவ யாரு வீட்ல இருந்தா?”

கதவுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. மனுஷன் காது சிவந்து தரையைப் பார்த்தார்.

“அனுப்ப மனசு வரல அத்தை. அவ இல்லாம இந்த வீட்டுல இருக்க முடியாது.”

இப்படிப் பட்டென்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மாமியாரும்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

“சரி மாப்ளே. ஒரு வாரங் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போங்க.”

“ஊருல ஏதாவது பேசுவாகளே?”

“பேசட்டும். எங்க மாப்ளைக்கு ஆவணி முந்தியே பொறந்துட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

அந்த ஒரு வாரமும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டில் கூப்பிட்டுப் போட்டாலும் பிசைந்துகொண்டே இருப்பார். எட்டாம் நாள் விடியும் முன்பே ஏரலுக்கு வண்டி பேசிக்கொண்டு போனார். பொழுது சாயும்போது சொர்ணத்தோடு வந்து இறங்கினார். தெருவில் ஆடி இன்னும் முக்கால்வாசி பாக்கி. கேலி பண்ணத்தான் வாசலுக்கு வந்தேன்; அந்த முகத்தைப் பார்த்ததும், “ஆவணி பொறந்தாச்சு போலிருக்கே வே” என்று மட்டும் சொல்லி, பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.