சொத்து எண் 47-ன் ஆழம்

அரசு அலுவலகத்துக்குச் சொந்தமான ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருக்க வேண்டும். அந்த எண் பொருளின் முன்பக்கத்தில், நட்டநடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இது விதி. விதியோடு எனக்குச் சண்டை இல்லை. நாற்காலிக்கு ஒட்டு, பீரோவுக்கு ஒட்டு, தண்ணீர்ப் பானைக்கு ஒட்டு, பானையில் சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளருக்கும் ஒட்டு. நான் ஏன் கேட்கப் போகிறேன்?

ஆனால் செஞ்சிக் கோட்டைக்குப் போகிற வழியில் புதிதாக முளைத்த பார்வையாளர் விளக்கக் கூடத்துக்கு அறுபத்தைந்து இஞ்ச் டிவி கொடுத்தவன் நான். எந்தத் துறையின் கூடம் என்று சொல்ல மாட்டேன். எல்லாத் துறையும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் அருள்சாமி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, மீதியைச் சந்தையில் படித்தேன். தொண்டூர், தளவானூர் என்று சைக்கிளில் டார்ச் லைட் விற்று, நாலு பேரிடம் ஏமாந்து, ஐந்தாவது ஆளிடம் விழித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக 'அருள்ஜோதி எலக்ட்ரானிக்ஸ்' நடத்துகிறேன். அருள்ஜோதி என் மனைவி பெயர். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்கிறார்களாம். சொன்னவனைக் காட்டுங்கள், பேசிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

"மேற்படி தொலைக்காட்சியில் மேற்படி கோட்டையைப் பற்றிய எச்டிஆர் காணொளியை இணையவழி ஓடவிட்டபோது மேற்படி கோட்டை தென்படவில்லை என்பது தங்களின் கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. வரும் வியாழனன்று நடைபெறவுள்ள மேலிட ஆய்வுக்குள் குறையைக் களையத் தவறும் பட்சத்தில், தங்கள் நிறுவனத்தின் பெயர் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அப்பட்டியல் கூடத்தின் வாசலில் ஒட்டப்படும்."

வாசலில்! மூன்று மாவட்டத்து ஜனம் வந்து போகிற வாசல். என் பெயரை ஒட்டினால்கூடத் துடைத்துக்கொண்டு போய்விடுவேன். என் மனைவி பெயரை ஒட்டினால் எந்த வீட்டுக்குப் போவேன்?

ஓடினேன்.

கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு ஆதாரம் சத்தம் மட்டும்தான். திரையில் கரி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி ஏதோ இருந்தது. சீயமங்கலத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "இன்னாங்க, கரண்ட் போயிடுச்சா?"

"இல்லம்மா, படம் ஓடுது."

"எங்க ஓடுது?"

கூடத்தின் பொறுப்பு அதிகாரி பீமாராவ் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா அருள்சாமி? ராஜகிரிக் கோட்டையைக் காணோம்."

"ஜன்னல்ல இருக்குது பாருங்க சார், வெயில்ல தகதகன்னு."

"அது ஒரிஜினல். அதுக்கு நான் பொறுப்பில்ல."

எச்டிஆர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளிச்சத்தை நல்ல வெளிச்சமாகவும் இருட்டை நல்ல இருட்டாகவும் காட்டும். இந்த டிவி இரண்டாவது பாதியை மட்டும் செய்துகொண்டிருந்தது. அலுவலகம் அதற்குள் சும்மா இருக்கவில்லை. இணைய வேகம் சோதிக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. வயர் மாற்றப்பட்டது. பார்வையாளர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் பரிந்துரைக்கப்பட்டது. டிவி கம்பெனிக்கு போன் போட்டதில், "அறையைச் சற்று இருட்டாக்கிப் பாருங்கள்" என்றார்களாம். ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி வாங்கினார்கள். அறை இருண்டதும் டிவி இன்னும் கொஞ்சம் இருண்டது. அதுவும் அலுவலகத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டதல்லவா, சுற்றி இருப்பவர்களைப் பார்த்து நடந்துகொள்ளக் கற்றுவிட்டது.

புதன்கிழமை விழுப்புரத்திலிருந்து கம்பெனி மெக்கானிக் வளவனை வரவழைத்தேன். இரண்டே நிமிஷம். டிவியின் கீழ்விளிம்பில், நடுவில், சொத்து எண் 47 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மேல் விரலை வைத்தான்.

"அண்ணே, இதுக்கு அடியில கடுகு சைஸ்ல ஒரு கண்ணு இருக்குது. ரூம்ல எவ்ளோ வெளிச்சம்னு அதுதான் பாத்துச் சொல்லும். அந்தக் கண்ணு மேலயே ஸ்டிக்கரை ஒட்டிவெச்சிருக்காங்க. ரூம் கும்மிருட்டா இருக்குதுன்னு நெனச்சி டிவி வெளிச்சத்தக் கொறச்சிக்குது."

நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கினான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ராஜகிரி எழுந்து நின்றது. கல் கல்லாக. பாறையில் மேய்கிற ஆட்டின் காது வரைக்கும்.

"கையை எடுங்க!"

ஸ்டோர் கீப்பர் கலைவாணி. வந்த வேகத்தில் ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். ராஜகிரி மறுபடி கரி மூட்டைக்குள் போனது.

"மேடம், இந்த ஸ்டிக்கரை எடுத்தாப் போதும், சரியாயிடும்," என்றேன்.

"எடுத்துட்டா இது யாரு டிவி?"

"உங்க டிவிதான்."

"நம்பர் இல்லாம எப்படிண்ணே எங்க டிவி ஆவும்? ஆடிட்ல வந்து நாப்பத்தேழு எங்கன்னு கேப்பாங்க. நம்பர் இல்லாத ஒண்ணைக் காட்டினா, ஒண்ணுலேர்ந்து நாப்பத்தாறு வரைக்கும் சந்தேகம் வந்துடும்."

வளவன் மெல்லச் சொன்னான்: "மெனுவுல போய் அந்தக் கண்ணையே ஆஃப் பண்ணிடலாம். பின் நம்பர் மட்டும் சொல்லுங்க."

"பின் நம்பர் போட்டது பழைய ஆபீசர். டிரான்ஸ்பர்ல போயிட்டார். கேட்டு லெட்டர் போட்டிருக்குது."

"போன்ல கேட்டா என்ன?"

"போன்ல யாரும் பின் நம்பர் கேக்கக் கூடாது, சொல்லக் கூடாது. வாசல்ல நாங்களே போர்டு வெச்சிருக்கோம், படிக்கல?"

எனக்குத் தலைக்கு ஏறியது. ஆனால் வாசல் என்றதும் பட்டியல் ஞாபகம் வந்தது. கோபத்தை முழுங்கிவிட்டு, தெரிந்த தொழிலில் இறங்கினேன்.

"சரிம்மா. எடுக்க வேணாம். ரெண்டு இஞ்ச் தள்ளி ஒட்டு."

"நடுவுலன்னு விதி."

"ஒரு இஞ்ச்."

"இது இன்னா கத்திரிக்காயா?"

"அரை இஞ்ச். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம், முடிச்சிக்கலாம்."

"நகர்த்தணும்னா மூணு பேர் கமிட்டி கூடணும். அதுல ஒருத்தர் மெடிக்கல் லீவு."

"கால் இஞ்ச்!"

"கால் இஞ்சுக்கும் அதே கமிட்டிதாண்ணே."

"ஒரு சின்ன ஓட்டையாவது போட்டுக்கிறேன், குண்டூசியால."

"அரசு ஆவணத்தைச் சேதப்படுத்துறது." விரலை ஆட்டிக் காட்டினார்.

மாட்டுத் தரகனையே அழவைத்தவன் நான். அந்தக் கால் இஞ்ச்சில் தோற்றுத் திரும்பினேன்.

வியாழன். மேலிடத்து ஐயா வந்தார். கருப்புத் துணியை இழுத்து மூடினார்கள். அவர் நடுவில், பீமாராவ் வலப்பக்கம், கலைவாணி பதிவேட்டோடு இடப்பக்கம். நான் பின்வரிசை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் டைப் அடித்த பட்டியல், பட்டியலுக்குப் பக்கத்தில் பசைக் கிண்ணம். எல்லாவற்றிலும் தாமதமான அலுவலகம் பசையை மட்டும் முன்கூட்டியே காய்ச்சி வைத்திருந்தது.

"இதோ, வானளாவ எழுந்து நிற்கிறது ராஜகிரி!" என்றது டிவி. திரையில் கரி. பத்து நிமிஷமும் அதே கரி.

ஐயா கடைசியில் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம்... இருட்டா இருக்குதோ?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஸ்டிக்கர் என்று சொல்லலாம். உடனே கமிட்டி போடுவார்கள். லீவில் போனவர் உடம்பு தேறி வருவதற்குள் பசை காய்ந்து, என் மனைவி பெயர் வாசலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வாயைத் திறந்தேன்.

"இருட்டு இல்லீங்க ஐயா. ஆழம்."

"ஆழமா?"

"எச்டிஆர்ல அப்படித்தாங்க. சாதாரணக் கண்ணுக்கு இருட்டாத் தெரியும். நல்லது பாத்துப் பழகின கண்ணுக்குத்தான் ஆழம் பிடிபடும்."

ஐயா நாற்காலியின் நுனிக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ம்... ஆமாம். இப்போ பிடிபடுது."

"எனக்கு மொத நாளே பிடிபட்டது சார்," என்றார் பீமாராவ், எனக்கு நோட்டீஸ் அனுப்பிய அதே பீமாராவ்.

"கல்லு கல்லாத் தெரியுது சார்," என்றார் கலைவாணி.

நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. கூடவே ஒரு சான்றிதழும் வந்தது: "மேற்படி தொலைக்காட்சியின் ஆழம் பாராட்டத்தக்கது." கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். மாட்டாமல் இருந்திருக்கலாம்.

மறுவாரம் அரிசி மண்டி ரிஷபன் வந்தார். இருப்பதிலேயே நல்ல டிவியைப் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

"இன்னாப்பா இது, பளிச்சுன்னு? டீக்கடை டிவி மாதிரி இருக்குது. கூடத்துல இருக்குதே அந்த ஆழம், அது வேணும்."

"ஐயா, உள்ளதைச் சொல்றேன். அது ஆழமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு ஸ்டிக்கர்..."

"சர்டிபிகேட் உன் தலைக்கு மேல தொங்குது, என்கிட்டயே ஒளிக்கிறியா? எத்தினி வருஷப் பழக்கம் நமக்கு!"

நான் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளில் அதிகம் சந்தேகிக்கப்பட்டது அதுதான். ஒரு ஸ்டிக்கரை எடுத்து அந்தக் கடுகுக் கண்ணின் மேல் ஒட்டினேன். மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடடா," என்றார்.

இப்போது ஐந்நூறு அச்சடித்து வைத்திருக்கிறேன். கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்கள் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். டிவிக்கு இரண்டு மணி நேரம் பேரம் பேசுகிறவன், ஸ்டிக்கருக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அருள்ஜோதி கேட்டாள்: "ஊருக்கெல்லாம் ஆழம் ஒட்டித் தர்ற. நம்ம வீட்டு டிவியில மட்டும் பட்டிக்காடு மாதிரி எல்லாம் தெரியுது. கோயில்ல நாலு பேர் கேக்குறாங்க, மானம் போவுது."

எந்தப் பெயர் வாசலில் ஒட்டப்படக் கூடாது என்று பொய் சொன்னேனோ, அந்தப் பெயர்க்காரி கேட்கிறாள். ஒட்டினேன்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்தோம். என்ன படம் என்று தெரியவில்லை. நல்ல ஆழம்.