தூசி சார் நெற்றியில் குங்குமம்

பெங்களூரில் மனிதனாகப் பிறந்த எவனும் சுத்தமில்லை. இதுதான் தூசி சாரின் கட்சி. நம் எல்லோரிடமிருந்தும் சதா ஏதோ உதிர்ந்துகொண்டே இருக்கிறதாம். தோல், முடி, பவுடர், பொய்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருடைய சொந்தப் பெயர் யார் நினைவிலும் இல்லை. அவர் வளர்த்தது ஒரு தாள். காகிதமில்லை. வெங்காயச் சருகை உரி, உள்ளே இருக்கும் சவ்வை உரி, உரித்துக்கொண்டே போ. இன்னும் ஒருமுறை உரித்தால் பொருளே இல்லை என்கிற இடத்தில் ஒற்றை அடுக்காக நிற்குமே, அது. அதில் மின்னணு ஸ்விட்சுகள் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. அதன்மேல் ஒரு தூசி விழுவது, கோலத்தின்மேல் தண்ணீர் லாரி ஏறுவது மாதிரி.

அதற்காக இப்படியா? வாசலில் நின்று எங்களை முகர்ந்து பார்ப்பார். முகர்ந்து!

"பவுடரா? போய் மூஞ்சி கழுவிட்டு வாய்யா."

தலை நரைத்த பொறியாளனான எனக்கு நடந்த மரியாதை இது. பார்க்க வந்த ஒரு பெரிய மனிதரின் மீசையை உற்றுப் பார்த்துவிட்டு, "இத வெளிய வெச்சிட்டு வர முடியுமா?" என்றார். குங்குமம் வைத்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு முழுக்க உள்ளே இடமில்லை. கழுவினாலும் இல்லை.

அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் செல்வி அக்கா. நீலசந்திராவிலிருந்து வந்து வராந்தாவைப் பெருக்குகிறவர். வாங்கியதைத் திருப்பியும் கொடுப்பார்.

"செல்வி, தொடப்பத்த ஏன் கதவுகிட்ட வெச்ச?"

"தொடப்பமே தூசின்னா நான் எதால பெருக்கறது சாரே? சும்னே கத்தாதீங்க."

அப்படியே ஆயுத பூஜை வந்தது. அன்று காலைதான் அவருடைய தாள், விளிம்பிலிருந்து விளிம்புவரை கிழிசலில்லாமல், முதல்முறையாக ஸ்விட்சுகளாகி உள்ளே கிடந்தது. மேல்பூச்சு மட்டும் பாக்கி. அன்றைக்கே பூசாவிட்டால் காற்றே அதைத் தின்றுவிடும். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர், கற்பூரத் தட்டும் போட்டோகிராபருமாக வந்து நின்றார்.

"புது மெஷினுக்கு உள்ள போய்ப் பொட்டு வைக்கணும். சென்டிமென்ட் பாருங்க."

தூசி சார் வெள்ளை அங்கியோடு கதவுக்குக் குறுக்கே படுத்துவிட்டார். "என்ன மிதிச்சிட்டுப் போங்க. செருப்பக் கழட்டிட்டு மிதிங்க."

தலைவர் முகம் சிவந்தது. "ஒரு நாள் பூஜைக்கு இவ்வளவு அழும்பா?"

மாதக்கணக்கில் ஒரு மனிதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளர்த்ததை ஒரு போட்டோவுக்காகப் புகை போடுவார்களாம். அதற்குப் பெயர் பக்தியாம்!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் செல்வி அக்கா. "மெஷினுக்குத்தானே வைக்கணும்? ராவும் பகலும் ஓடற மெஷின் இங்க படுத்துக் கெடக்குது." சொன்ன வேகத்தில் சந்தனத்தைக் குழைத்து அவர் நெற்றியில் அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினார். சிரிப்பு வெடித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். வாசலிலேயே போட்டோ ஆயிற்று, பூசணிக்காய் ரோட்டில் உடைந்தது, கற்பூரம் உள்ளே போகவில்லை.

தூசி சாரும் போகவில்லை.

"கழுவிட்டு வாங்க சார், யார் பாக்கப்போறாங்க?" என்றேன்.

"ரூலு எனக்கு மட்டும் வேறயா? நீ போ. நீ பூசு."

போனேன். அவர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இன்டர்காமில் உயிரை வாங்கினார். "கைய ஆட்டாத! மாவா சலிக்கற? மூச்ச ஏன் இப்படி விடற, மாடு மாதிரி?" பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இன்டர்காமைப் பட்டென்று அணைத்தேன்.

நிசப்தத்தில் பூசி முடித்தேன். ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க ஊசிமுனைகளை இறக்கினேன். திரையில் தரையோடு படுத்திருந்த மின்னோட்டக் கோடு தயங்கியது, நிமிர்ந்தது, ஏறியது. ஸ்விட்ச் உயிரோடிருந்தது.

திரும்பினேன். கண்ணாடிக்கப்பால் குங்குமம் மூக்கில் வழிய அவர் வாய் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும் திரையில் ஏறும் கோட்டோடு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செல்வி அக்கா, பொரிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்துக்கொண்டிருந்தார்.

இன்டர்காமை மறுபடி போட்டேன். அந்தத் திட்டு இல்லாமல் அறை ரொம்பக் காலியாக இருந்தது.