பதினொரு வருட அனுபவமுள்ள டேப்

முகத்தைப் பார்த்து மனிதர்களை அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் உண்டு. செருப்பைப் பார்த்து எடை போடுகிறவர்களும் உண்டு. இவர்களை விட்டுவிடுங்கள். நாம் பார்க்கப்போவது மூன்றாவது இனத்தை. எதிரே வருகிறவரின் இடுப்பைப் பார்த்த பிறகுதான் வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இனம் அது. சர்க்கரை நோயையும் உடல் கொழுப்பையும் ஆராய்ச்சி செய்தே தலை நரைத்த பேராசிரியர்கள் அதைச் சேர்ந்தவர்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் மரியாதைக்கு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் இருக்கட்டும், உங்க ஃபாஸ்டிங் எவ்வளவு?" என்று கேட்பார். கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் நீங்கள் ஒரு கிரீம் பிஸ்கட்டைக் கையில் எடுத்தால், கொலை நடந்த வீட்டில் கத்தியைக் கண்டெடுத்த போலீஸ்காரரைப் போல அதைப் பார்ப்பார். நீங்கள் கூசிப்போய் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவீர்கள். அதை அவர் எடுத்துச் சாப்பிடுவார்.

அப்படியானால் அவருக்குத் தொப்பை இல்லையா? இல்லாமலென்ன! ஆனால் கொழுப்பில் இரண்டு வகை உண்டு என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. தோலுக்கடியில் தன்பாட்டுக்குக் கிடக்கும் சாதுக் கொழுப்பு ஒன்று. வயிற்றுக்குள் குடலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கல்லீரலையும் கணையத்தையும் கெடுக்கும் போக்கிரிக் கொழுப்பு மற்றொன்று. இது விஞ்ஞானம். முதல் வகை தனக்கும் இரண்டாவது வகை ஊரிலுள்ள மற்ற எல்லோருக்கும் என்று பிரித்துக் கொடுத்ததுதான் பேராசிரியரின் சொந்தப் பங்களிப்பு.

நமது பேராசிரியர் ஏழு மாடி ஆராய்ச்சி நிலையமொன்றில் ஆறாவது மாடியில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மாடி ஏறினால் இடுப்பு குறையும், இடுப்பு குறைந்தால் சர்க்கரை குறையும் என்பது அவருடைய கட்சி. அதை நிரூபிக்க நிலையத்தின் ஊழியர்களையே பதினொரு வருடமாக அளந்துவந்தார். பாதிப் பேர் படியேறுவோர், பாதிப் பேர் ஏறாதோர். பேராசிரியர் எந்தப் பிரிவிலும் இல்லை. லிஃப்டில் போவார்.

அளப்பதற்கு ஒரு துணி டேப். ஏதோ ஒரு மாநாட்டில் பரிசாகக் கொடுத்தது. அதைப் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மேஜையில் பூட்டியிருந்தார். "இது டேப் இல்லம்மா, இன்ஸ்ட்ருமெண்ட்" என்று சொல்லித்தான் உதவியாளரிடம் எடுத்துக் கொடுப்பார்.

உதவியாளர் இளம்பெண். ஒரு வருட ஒப்பந்தம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அச்சில் வந்தது எதுவும் அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. அச்சடித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கவா வேண்டும்?

பதினோராம் வருட அளவு முடிந்தது. படியேறியவர்களுக்கு இடுப்பு சராசரியாக மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. பேராசிரியர் மகிழ்ந்தார். ஏறுவதாகச் சத்தியம் செய்துவிட்டு ஏறாமல் இருந்தவர்களுக்கும் மூன்று குறைந்திருந்தது. பேராசிரியர் வியந்தார். ஏறாதோர் பிரிவில் முதல் பெயரான லிஃப்ட்காரருக்கும், அதாவது ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவருக்கும், அதே மூன்று. தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்று நான்கு.

வேறு யாராக இருந்தாலும் இங்கே தலையைச் சொறிந்திருப்பார்கள். பேராசிரியருக்குக் கோட்பாடு பிறந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது, மூச்சு வாங்கப் படியேறுகிறவர்களை லிஃப்ட்காரர் பார்க்கிறார் அல்லவா? பார்க்கப் பார்க்க அவருடைய தசைகளும் மனத்துக்குள் ஏறுகின்றன. கொழுப்பு கரைகிறது. பெயர்: பார்வைவழிப் பயிற்சி.

விழா எடுத்தார்கள். மேடையில் லிஃப்ட்காரரை நிறுத்தித் தோளில் கை போட்டுக்கொண்டு, "இனிமே உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை எதுக்கு?" என்றார் பேராசிரியர். கைதட்டல். அவருக்கு அது பேச்சின் முத்தாய்ப்பு. லிஃப்ட்காரருக்கு அது மருந்துச் சீட்டு.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் உதவியாளர் லிஃப்டில் ஏறினாள். லிஃப்ட்காரரின் ஒரு காலில் ஷூ, மறு காலில் கட்டு.

"கால்ல என்னண்ணா?"

"ஷூ கடிச்சிடுச்சு தங்கச்சி. மூணு வாரமாச்சு, ஆறித் தொலைய மாட்டேங்குது."

"மாத்திரை சாப்பிடுறீங்கல்ல?"

"எதுக்கு? சாரே மேடையில சொல்லிட்டாரே! என் வீட்டுக்காரி தெருவுக்கே சொல்லி வச்சிருக்கா, சர்க்கரையைத் துரத்தி விட்டவர்னு." அவர் சிரித்தார். "அந்தத் தையல்காரன் ஒருத்தன்தான் நம்ப மாட்டேங்கிறான். யூனிஃபார்ம் பேண்ட்டை ரெண்டாவது தடவையா பிரிச்சு விட்டுட்டு, 'யோவ், உன் சாரை ஒரு நாள் என் கடைக்கு வரச் சொல்லு'ங்கிறான். பொறாமை!"

ஆறாவது மாடி வந்தது. கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.

"தங்கச்சி, உங்க மாடி."

அன்று அவள் கடையிலிருந்து ஒரு புது இரும்பு டேப்பை வாங்கிவந்து, இன்ஸ்ட்ருமெண்ட்டின் பக்கத்தில் நீட்டி வைத்தாள். பழையதின் நூறு, புதியதின் நூற்றாறுக்கு நேராக நின்றது. பதினொரு வருடமாக ஆயிரக்கணக்கான இடுப்புகளைச் சுற்றி இழுத்து இழுத்துத் துணி நீண்டுபோயிருந்தது. கோடுகள் விலகிவிட்டால் எந்த இடுப்பும் சின்னதாகத்தானே தெரியும்? மூன்று குறைந்ததென்று மாலை வாங்கிய இடுப்பு, உண்மையில் மூன்று கூடியிருந்தது.

ஏறாதவர்களுக்கும் குறைந்தபோதே அவளுக்கு உறுத்தியது. நம்மைவிடப் படித்தவருக்குத் தெரியாதா என்று உறுத்தலை மடித்து வைத்துக்கொண்டாள். மடித்து வைத்தது அடக்கமா, பயமா? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இரண்டும்தான் என்று அவளுக்கே தெரியும்.

பேராசிரியர் இரண்டு டேப்பையும் பார்த்தார்.

"எது சரின்னு நீ எப்படி முடிவு பண்ணின?"

"புதுசு சார். இரும்பு."

"புதுசு சுருங்கியிருக்கலாமே?"

"இரும்பா சார்?"

"இங்க பாரும்மா. இது பதினொரு வருஷ அனுபவம் உள்ள டேப். நேத்து கடையில வாங்கினதை வச்சு இதைச் சந்தேகப்படுறது விஞ்ஞானம் இல்ல."

"இன்னிக்குதான் சார் வாங்கினேன்."

"பாத்தியா!"

"சார், லிஃப்ட் அண்ணா மாத்திரையை நிறுத்திட்டாரு. கால்ல புண்ணு."

"அவரோட டேட்டா முடிஞ்சுபோச்சேம்மா" என்றார் பேராசிரியர். உண்மையிலேயே புரியாமல்தான் சொன்னார்.

அவள் வெளியே வந்தாள். லிஃப்டை அழைத்தாள். கதவு திறந்ததும், "கீழ போங்கண்ணா" என்றாள்.

"எந்த மாடி?"

"தரை. நீங்களும் இறங்குறீங்க."

தரைத்தளத்தில் வெளிநோயாளிப் பிரிவு. விரலில் குத்திப் பார்த்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூறு. அங்கிருந்த டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பத்து நாள் கழிச்சு வந்திருந்தா பேச வேண்டியதே இல்ல, கால் விரலை எடுத்திருப்போம். யாரு உங்களை மாத்திரையை நிறுத்தச் சொன்னது?" என்று சத்தம் போட்டார்.

லிஃப்ட்காரர் மேலே கைகாட்டினார். டாக்டரம்மா, கடவுளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

கட்டிலில் படுக்கவைத்த பிறகு அவள் டேப்பின் கதையை மெதுவாகச் சொன்னாள். அவர் கால் விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ நான் இளைக்கவே இல்லையா தங்கச்சி?"

"இல்லண்ணா."

"கொஞ்சம்கூடவா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அந்தத் தையல்காரன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றார்.

விரல் பிழைத்தது. ஒப்பந்தம் பிழைக்கவில்லை.

பேராசிரியர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? இந்த இனத்துக்கு என்ன ஆகும்! ஆறே மாதத்தில் அவருடைய புதிய கட்டுரை வெளிவந்தது. துணி டேப்புகள் நாளடைவில் நீள்கின்றன என்பதையும், இது தெரியாமல் உலகெங்கும் சில அசட்டு ஆராய்ச்சியாளர்கள் ஏமாந்துவருகிறார்கள் என்பதையும், பதினொரு வருட நுட்பமான சோதனையின் மூலம் அவர் நிறுவியிருந்தார். வேண்டுமென்றே ஒரே டேப்பைப் பயன்படுத்தினாராம். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், உதவியாளருக்கு நன்றி. இனிஷியல் தப்பு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் ஆராய்ச்சி நிலையம் இல்லை, விழா மேடை இல்லை, உங்கள் பேச்சைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்தப்போவதில்லை. ஆனாலும் ஒன்று. இதைப் படிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் குனிந்து உங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டீர்கள். பார்த்த கையோடு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். அறையில் வேறு யாரும் இல்லை.

பரவாயில்லை, மூச்சை விடுங்கள்.