பதினோரு வருஷத்து எதிரி

ராணுவம் என்று ஒன்று இருந்தால் எதிரி என்று ஒருவர் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் யாரைப் பிடித்துப் பழகுவது? ஆனால் ரிசர்வ் கம்பெனிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வருஷத்தில் இரண்டு வாரமும் சிப்பாயாக இருந்துவிட்டு, மற்ற நாளெல்லாம் சைக்கிள் ரிப்பேர், பால் வியாபாரம், கணக்கு வாத்தியார் வேலை என்று பிழைப்பைப் பார்க்கும் தொண்ணூறு பேருக்கெல்லாம் நிஜ எதிரியை ஒதுக்க முடியாது என்று தலைமையகம் கைவிரித்துவிட்டது. உள்ளூரிலேயே ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளும்படி உத்தரவு வந்தது. அப்படி அந்தத் தொண்ணூறு பேரிலிருந்தே ஏற்பாடானவர்தான் தையல்காரர்.

பதினோரு வருஷமாக அவரே எதிரி. பயிற்சி மைதானத்தின் கோடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி உண்டு. இரண்டு வாரமும் அவர் அதன் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும், கம்பெனி அவரைத் தேட வேண்டும். அவர் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். டீ கொண்டுபோகிறவர்கூட ஒழுங்குமுறைக்குக் கட்டுப்பட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் டம்ளரை நீட்டுவார். கடைசி நாள் காலை ஒன்பதரைக்குக் கேப்டன் விசில் ஊதுவார். தையல்காரர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார். எல்லோரும் பாய்ந்து பிடிப்பார்கள். பதினொன்றரைக்குள் அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதில் ஒரே ஒரு சங்கடம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் அந்த இரண்டு வாரம். ஊர்ப் பிள்ளைகளின் சீருடைத் துணி அத்தனையும் கடையில் குவிந்து கிடக்க, மிஷினில் அவர் மனைவி மட்டும் உட்கார்ந்திருப்பாள். போன சீசனில் அவளுக்கு வலது தோள் மரத்துப்போய், தலை வாரக்கூடக் கை எழவில்லை. இன்னொரு சீசன் தனியாகத் தைத்தால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரருக்கு அன்றிலிருந்து தூக்கமே போயிற்று.

"பன்னெண்டு வருஷம் ஆனா விட்டுருவாங்கன்னு சொன்னீங்களே. இந்த வருஷத்தோட முடியுதில்ல?" என்று கேட்டாள் அவள்.

"முடியுது, முடியுது. இப்பவே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

கம்பெனி அலுவலகத்தில் கிளார்க் பைலைப் புரட்டினார். புரட்டி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாஸ்டர், உங்க சேவைக் காலம் பூஜ்யம்."

"பதினோரு வருஷம் வந்திருக்கேனே."

"வந்திருக்கீங்க. யாரு இல்லேன்னா? எந்தப் பக்கம் வந்தீங்க? எதிரியா இருந்த காலத்தை நாட்டுக்குச் செஞ்ச சேவையில எப்படிச் சேர்க்கிறது?"

"என்னை எதிரியாப் போட்டதே நீங்கதானே."

"அதனாலதான் உக்கார வெச்சு மரியாதையாப் பேசிட்டிருக்கேன்." கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு வருஷம் நாட்டோட பக்கம் நின்னு, பிடிபடாம முடிச்சுட்டீங்கன்னா, பழைய பதினொன்னையும் மனம் திருந்தினவங்க விதியில சேர்த்துக்கலாம். மனு குடுங்க."

எந்தக் குற்றத்திலிருந்து திருந்துகிறோம் என்று தெரியாமலே தையல்காரர் மனுவில் கையெழுத்துப் போட்டார். அது கேப்டனின் மேஜைக்குப் போயிற்று. மற்ற நாளில் மரச்சாமான் கடை மேனேஜரான கேப்டன், அப்போதுதான் தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். வந்ததும் 'எதிரி' என்ற சொல்லையே தடை செய்துவிட்டார். இனிமேல் 'மாற்றுத் தரப்பு நண்பர்'. நண்பருக்கென்று ஒரு கருத்துப் படிவமும் அச்சாகியிருந்தது.

"போன வருஷம் உங்களைப் பிடிச்ச விதத்துல திருப்தியா மாஸ்டர்? அஞ்சு நட்சத்திரத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

"அஞ்சும் குடுக்கறேன் சார். கழுத்தைத்தான் கொஞ்சம் நெரிச்சுட்டாங்க."

"அதை 'வளர்ச்சிக்கான வாய்ப்பு'ன்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். மனுவும் பாஸாயிற்று.

அடுத்த எதிரியாகக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரைப் போட்டார்கள். அவர் படித்தவர், உத்தரவை முழுசாக வாசித்தார். 'பதினான்கு நாட்கள் மறைந்திருக்கவும்' என்று இருந்ததே தவிர, எங்கே என்று இல்லை. பயிற்சியின் முதல் நாள் சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் கிளினிக்கைத் திறந்துவிட்டார். கம்பெனி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தேடிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் கேப்டனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. சீருடையோடு போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"எதிரியை நேரிலயே பார்த்தீங்களாமே சார்?" என்றார் தையல்காரர்.

"நண்பர். பார்த்தேன். மைதானத்துக்கு வெளிய பிடிக்க நமக்கு அதிகாரம் கிடையாது. அதுவும் வாயைப் பொளந்து வெச்சுக்கிட்டு என்னத்தைச் சொல்றது?"

கடைசி நாள் வந்தது. மணி ஒன்பதரை. மரத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தையல்காரர் முதல் வரிசையில் நின்றார். இன்னும் ரெண்டு மணி நேரம், அப்புறம் அவளை மிஷினை விட்டு எழுப்பிவிடலாம் என்ற ஒரே நினைப்புதான் மனசில். கேப்டன் விசில் ஊதினார்.

பதினோரு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? கால் தானாகத் தொட்டிக்குப் பின்னால் போயிற்று. துப்பாக்கி கீழே விழுந்தது. கை இரண்டும் மேலே போயிற்று. பாக்கி எண்பத்தெட்டு பேரையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் அதே பதினோரு வருஷம். பாய்ந்து அமுக்கிப் பிடித்துக் கயிற்றால் கட்டினார்கள். கேப்டன் வெற்றி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. கடைசி முடிச்சைப் போடும்போதுதான் கிளார்க், பிடிபட்டவரின் முகத்தைப் பார்த்தார்.

"ஐயையோ, இவரு நம்மாளு."

தலைமையகத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தன. நாட்டின் பக்கம் நின்றவர் சரணடைந்துவிட்டதால் தையல்காரரின் சேவைக் காலம் பூஜ்யமாகவே தொடரும் என்றது ஒன்று. பிடிபடாத எதிரி நம் கட்டுப்பாட்டில் இல்லாதவர், கட்டுப்பாட்டில் இல்லாதவரை ஆள் கணக்கில் வைத்திருப்பது முறையல்ல, எனவே பல் டாக்டர் நன்றியுடன் நிரந்தரமாக விடுவிக்கப்படுகிறார் என்றது மற்றது. பல் டாக்டர் படையில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

கடிதத்தை மனைவியிடம் காட்டிவிட்டுத் தையல்காரர் அழுதார். "உன் கையை நானே கெடுத்துட்டேன்" என்றார்.

"அழுதா மட்டும் ஆச்சா? காஜா எடுக்க வேண்டியது நூறு சட்டை கெடக்கு, இப்படி வந்து உக்காருங்க" என்றாள் அவள்.

அடுத்த வருஷம் முதல் ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வழக்கம்போலக் கேட்டார். "மாற்றுத் தரப்பு நண்பரா இருக்க யாருக்கு விருப்பம்?"

எண்பத்தேழு கை எழுந்தது. கேப்டன் ஒருதரம் எண்ணிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், தாமும் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். தையல்காரரும் தூக்கினார். ஒரு கையைத் தூக்கியபடியே கிளார்க் மறுகையால் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"உங்களுக்கு முடியாது மாஸ்டர். ஒருத்தரு எதிரியா அதிகபட்சம் பதினோரு வருஷம்தான் இருக்கலாம். நீங்க முடிச்சாச்சு."

தலைமையகம் ஒரே வாரத்தில் ஒப்புதல் அனுப்பிவிட்டது. நாட்டின் பக்கம் ஒருவர் எஞ்சியிருப்பதால் கம்பெனி முழு பலத்துடன் இயங்குவதாகவே கருதப்படும். அவரே தற்காலிகக் கேப்டன். எண்பத்தெட்டு பேரையும் பிடித்துவிட்டால் மனம் திருந்தியவர் விதி பரிசீலிக்கப்படும். கூடவே ஒரு விசில்.

பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வந்தது. தையல்காரர் தன்னந்தனியாக மைதானத்துக்குப் போனார். தன் பேரைத் தானே கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" சொல்லி, வருகைப் பதிவேட்டில் எழுதினார். பிறகு புதர் புதராக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். எதிரிகள் எண்பத்தெட்டு பேரும் பல் டாக்டர் காட்டிய வழியில் வீட்டில் மறைந்திருந்தார்கள். நாலைந்து நாளில் அதுவும் சலித்துவிட்டது. பிள்ளைகளின் சீருடை ஞாபகம் வந்து, ஒருவர் பின் ஒருவராகத் தையல் கடைக்குக் கிளம்பினார்கள். பதினோராம் நாள் வரிசை தெருமுனைவரை நின்றது.

எல்லோருக்கும் முன்னால் நின்ற பழைய கேப்டன் மேஜையைத் தட்டினார். "திறக்க மூணு நாள்தான் இருக்கு. இன்னும் வெட்டவே இல்லேங்கறீங்க. கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா? கடையை உங்க தலையில கட்டிட்டு எங்க ஊர் சுத்தறாரு உங்க வீட்டுக்காரரு?"

இடது கையால் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களைத்தான் தேடிட்டிருக்காரு."