ஏழாம் நம்பர் பஸ்ஸும் பொன்னிநகர்ச் சங்கமும்

காலை ஆறு பத்துக்கு ஏழாம் நம்பர் டவுன் பஸ் பொன்னிநகருக்குள் திரும்பி மூன்று முறை ஹாரன் அடித்தது. முதல் ஹாரனுக்குக் காக்கைகள் பறந்தன. இரண்டாவதற்கு நாய்கள் குரைத்தன. மூன்றாவதற்கு சாரங்கபாணி வீட்டுத் தூளியில் குழந்தை வீறிட்டது.

"இப்பத்தாம்ப்பா கண்ணு அசந்துச்சு," என்றாள் அம்சவல்லி. பிள்ளை பெற்று இரண்டு மாதமான அவளுக்கே கண் திறக்கவில்லை. "ஒரு நாளைக்கு எட்டு தடவை இப்படி எழுந்தா புள்ள எப்படி உடம்பு தேறும்?"

சாரங்கபாணி தூளியை ஆட்டினார். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். இப்போது பொன்னிநகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். தெருவுக்குத் தார் போட வைத்தது அவருடைய சாதனை. தார் போட்ட மறுமாதமே, இது நல்ல குறுக்குவழி என்று பஸ்ஸையும் அந்த வழியே திருப்பிவிட்டார்கள். அது அவருடைய சோதனை.

"ஒங்க மாப்பிள்ளை லெட்டர் போட்டிருக்காங்கப்பா," என்று மகள் தயங்கிச் சொன்னாள். "புள்ள இங்க தூங்கலேன்னா திங்கக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். திருத்துறைப்பூண்டியில தவளைச் சத்தம் மட்டும்தான்னு மாமியார் சொல்லச் சொன்னாங்களாம்."

ஐந்தாம் மாதம் வரை பேத்தி இங்கே இருப்பாள் என்பது பேச்சு. சாரங்கபாணி தூளிக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போவா என் ராசாத்தி? சங்கம் எதுக்கு இருக்கு?" என்றார்.

அன்றே மனு எழுதினார். நகராட்சியில் மனுவைப் படித்துவிட்டு, "உங்க தெரு எங்க எல்லைக்குப் பன்னிரண்டு அடி வெளியில இருக்கு," என்றார்கள். பஞ்சாயத்தில், "தெரு எங்களுது. ரோடு எங்களுது இல்ல," என்றார்கள். ரோட்டுக்குச் சொந்தக்காரர்களான இலாகாவில், வேகத்தடை போட வேண்டுமானால் முதலில் விபத்து நடந்திருக்க வேண்டும் என்றார்கள்.

"யாராவது அடிபட்டிருக்காங்களா?"

"இல்லீங்க."

"பாத்தீங்களா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

சோர்ந்து திரும்பியவர் கண்ணில் வைரக்கண்ணு பட்டான். பொன்னிநகர் முழுவதும் ஒரு காலத்தில் வைரக்கண்ணு குத்தகைக்கு உழுத வயல். நிலம் மனைக்கட்டாக மாறியபோது வழக்கு நடந்து, கொடி பிடித்துப் போராட்டம் நடந்து, கடைசியில் தெருவுக்குப் பின்னால் மூன்று மா நிலம் மட்டும் அவனுக்கு நின்றது. பங்குனி மாதம். அறுத்த உளுந்துச் செடியை எங்கே போட்டு அடிப்பது என்று வரப்பில் நின்று யோசித்துக்கொண்டிருந்தான்.

சாரங்கபாணிக்கு மூளையில் விளக்கெரிந்தது. ஊர்ப்பக்கத்து ரோடுகளில் உளுந்தைப் பரப்பிப் போட்டால் வண்டிகள் ஏறி ஏறித் தானே உதிர்ந்துவிடும். அதைக் கண்டால் எந்த டிரைவரும் ஊர்ந்துதான் போவார்.

"வைரக்கண்ணு, நம்ம தெருவுல போட்டுக்கயேன்."

வைரக்கண்ணு நம்பாமல் பார்த்தான். "போன வருசம் ஒரு கட்டு போட்டதுக்கு ஒங்க சங்கத்துல நோட்டீஸ் குடுத்தீங்க."

"அது போன வருஷம். மனுஷனுக்கு மனுஷன் ஒத்தாசை வேணாமா?"

"ஒங்க நல்ல மனசுக்கு ஒரு கொறையும் வராதுங்க," என்று அவன் மனதார வாழ்த்திவிட்டுப் போனான்.

மறுநாள் தெரு முழுக்க உளுந்து. பஸ் உண்மையிலேயே ஊர்ந்தது. ஆனால் ஊர்ந்த பஸ், வழியில் நின்ற கோழிகளுக்காகவும் கன்றுக்குட்டிக்காகவும் மூன்று ஹாரனுக்குப் பதில் முப்பது ஹாரன் அடித்தது. அதோடு போகவில்லை. பத்து மணிக்கு ஒரு நெல் லாரி வந்தது. பிறகு டிராக்டர். பிறகு செங்கல் லாரி. பொன்னிநகர் கண்டறியாத வண்டிகளெல்லாம் வரிசையாக வந்தன.

சாரங்கபாணி தெருமுனைக்கு ஓடினார். அங்கே வைரக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டி, மெயின் ரோட்டில் போன வண்டிகளையெல்லாம் தெருவுக்குள் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றே?"

"எட்டு ட்ரிப் பஸ்ஸுக்கு எங்க உளுந்து உதுரும்? நீங்களே எடம் குடுத்திருக்கீங்க, வெரசா முடிச்சுக் குடுக்க வேணாமா? அண்ணே, இந்தப் பக்கம் வாங்க, ரோடு சும்மா மெத்தை மாதிரி இருக்கும்."

ஒத்தாசை என்று சொல்லிவிட்ட வாயால் வேண்டாம் என்று சொல்வதெப்படி? சாரங்கபாணி வீடு திரும்பினார். தூளியில் குழந்தை அழுத அழுகையில் நெற்றிப்பொட்டு கரைந்திருந்தது.

"இனிமே கவுன்சிலர்தான்," என்றார்.

ஒன்றியக் கவுன்சிலர் செல்லதுரை நல்லவர். அடுக்குமொழியில் பேசுவார், அழைத்தால் வருவார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து நேரில் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார். அதிகாரத்தில் இருப்பவரைச் சும்மா அழைக்கலாமா? கும்பகோணத்திலிருந்து மாலை வந்தது. தெருவின் நடுவில் தென்னங்கீற்றில் அலங்கார வளைவு எழுந்தது. சனிக்கிழமை பிற்பகலில் வந்து இறங்கிய மைக் செட், அன்று ராத்திரி வரையிலும் மறுநாள் அதிகாலையிலிருந்தும் பக்திப் பாடல்களைப் பொழிந்தது. ஹாரன் அடித்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது.

"இதுக்கு பஸ்ஸே தேவலை," என்றாள் அவர் மனைவி அமிர்தம், குழந்தையின் காதில் பஞ்சு வைத்தபடி.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க அமிர்தம். அவர் கண்ணால பாத்துட்டார்னா போதும்."

ஒன்பதே முக்காலுக்கு நாற்காலிகள் தயார். சுண்டல் தயார். பெரிய அண்டாவில் நீர்மோர் தயார். நிகழ்ச்சி நிரலில், 'பத்து மணி: பேருந்து இடையூறை நேரில் பார்வையிடல்' என்று இருந்தது. கவுன்சிலர் புறப்பட்டுவிட்டதாகச் செய்தியும் வந்தது. ஆனால் ஒன்பதரை பஸ்ஸைக் காணவில்லை.

"இடையூறு இல்லாம எதைக் காட்டுறது?" என்று சாரங்கபாணி பதறினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். முருகன் காப்பாற்றினான். ஏழாம் நம்பர் தூரத்தில் தெரிந்தது. ஆனால் அது தெருப்பக்கம் திரும்பாமல் நேராகப் போகப் பார்த்தது. சாரங்கபாணி இரண்டு கையையும் விரித்து நடுரோட்டில் நின்றார்.

பஸ் குலுங்கி நின்றது. டிரைவர் ரெத்தினம் எட்டிப் பார்த்தார். கறுத்த, பெரிய மீசை வைத்த, சாதுவான மனிதர்.

"என்ன சார், வீட்டுல யாருக்காவது முடியலையா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். தயவுபண்ணி எங்க தெரு வழியா வாங்க."

"இன்னிக்கா?"

"இன்னிக்கேதான். ஒரே ஒரு ட்ரிப். ஒங்க கையைக் காலா நெனச்சுக் கேக்கறேன்."

ரெத்தினம் கண்டக்டர் அல்லா பிச்சையைப் பார்த்தார். அல்லா பிச்சை தலையைச் சொறிந்தார்.

"சார், அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. பத்து மணிக்கு ஆள் வந்துடுவாரு."

பெரியவர் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்த ரெத்தினம் ஸ்டியரிங்கைத் திருப்பினார். சாரங்கபாணி படியில் தொற்றிக்கொண்டு வந்தார்.

தெருவின் பாதியில் புதுச் சிக்கல். அலங்கார வளைவின் உயரம் பத்தடி. பஸ்ஸின் உயரம் அதற்கு மேல். பஸ் நின்றுவிட்டது. பின்னால் வைரக்கண்ணு அனுப்பிய செங்கல் லாரி வந்து நின்றதால் பின்வாங்கவும் வழியில்லை.

பங்குனி வெயிலில் பஸ்ஸுக்குள் நாற்பது பேர் வேர்த்து வடிந்தார்கள். அமிர்தத்துக்குப் பொறுக்கவில்லை.

"எறங்கி நெழல்ல உக்காருங்கம்மா. எம்மாம் நேரம் உள்ளயே வேகுவீங்க?" என்று மோர்த் தம்ளரோடு வந்துவிட்டாள்.

நாற்பது பேரும் இறங்கி நாற்காலிகளில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்ட வேளையில் கவுன்சிலரின் ஜீப் மறுமுனையிலிருந்து வந்தது. இவ்வளவு கூட்டத்தை செல்லதுரை தேர்தல் சமயத்தில்கூடப் பார்த்ததில்லை. முகம் மலர, முதல் வரிசையில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் குனிந்தார்.

"பேரு என்னம்மா?"

"கமருன்னிஸாங்க."

"இந்த பஸ் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா? பயப்படாம சொல்லுங்க."

"வேணாம்னு யாருங்க சொன்னா?" என்று அந்த அம்மாள் கலங்கிவிட்டார். "ஆஸ்பத்திரியில மக கெடக்குது. பஸ் இல்லாட்டி நான் நடந்தா போறது?"

"பஸ் வேணும்," என்றது இரண்டாம் வரிசை.

"கண்டிப்பா வேணும்," என்றான் பின்னாலிருந்து வைரக்கண்ணு. "இன்னும் பாதி உளுந்து கெடக்கு."

சாரங்கபாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வருவதற்குள் மைக் கவுன்சிலர் கைக்குப் போய்விட்டது.

"பசித்த பிள்ளை பாலுக்கு ஏங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாசமிகு பொன்னிநகர் பஸ்ஸுக்கு ஏங்குவதை இன்றுதான் பார்க்கிறேன். என் மூச்சுள்ளவரை இந்த பஸ் இந்தத் தெருவை விட்டுப் போகாது. எட்டு ட்ரிப் அல்ல, இனி பதினாறு ட்ரிப். இதே இடத்தில் நிழற்குடை. வேகாத வெயிலில் ஓடிப்போய்ப் பேருந்தைக் கையோடு அழைத்துவந்த செயலாளருக்கு இந்தப் பொன்னாடை."

கைதட்டல் தெருவை அதிரவைத்தது. சாரங்கபாணி மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். எதிரே கமருன்னிஸா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணெல்லாம் ஈரம். அந்த முகத்துக்கு நேராக வேறென்ன சொல்வது?

"நன்றி," என்றார் சாரங்கபாணி.

ஜீப் போயிற்று. வளைவைப் பிரித்து பஸ்ஸுக்கு வழி விட்டார்கள். வீட்டுக்குள் தூளியில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. நாளை மாப்பிள்ளை வருவார். பொன்னாடையோடு படியோரம் நின்ற சாரங்கபாணியைப் பார்க்க கண்டக்டருக்குப் பாவமாக இருந்தது. மோர்த் தம்ளரைக் கொடுத்துவிட்டு, காதோடு சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க சார். பாப்பா தூங்க மாட்டேங்குதுன்னு ஒங்க வீட்டு அம்மா ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு, எங்க ரெத்தினம் அண்ணன் டெப்போல மன்றாடி, நேத்து மத்தியானத்தோட இந்தத் தெரு வழியா பஸ் வர்றதையே நிறுத்திட்டாரு. இன்னிக்கு நீங்க அழுதுகிட்டே வந்து கூப்பிட்டீங்களேன்னுதான், தட்ட முடியாம வந்தோம்."