பெல்ட்டு அண்ணனின் தையலில்லாத பை

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே தையல் ஊசியை ஜென்மப் பகையாக நினைத்த ஒரே மனுஷர் எங்கள் பெல்ட்டு அண்ணன்தான். "ஓட்டை போட்டு ஒட்டுறது ஒரு வேலையாடா?" என்பார். நானும் அவரும் ஒரே தெரு, ஒரே கம்பெனி, ஒரே வேன். வேனில் பக்கத்தில் உட்கார்ந்தால் தொலைந்தோம். நம் பையின் வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். தையல் விட்டுவிட்டால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்! என் சாப்பாட்டுப் பை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

இந்த வெறிக்குக் காரணம் செல்வி அண்ணி. பைக் விபத்துக்கு அப்புறம் அண்ணியின் இடது கால் படி ஏறாது. வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. "கண்ணாலத்துக்கு முன்னாடி மலைக்கோயிலுக்குக் கூட்டினு போறேன்னு சொன்ன ஆளுதான் இது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அண்ணன் ஒருநாள் முடிவு பண்ணிவிட்டார். முதுகில் மாட்டுகிற பை ஒன்று செய்து, அதில் பெண்டாட்டியை உட்காரவைத்து, மலை உச்சிவரை தூக்கிக்கொண்டு போவது!

முதல் பையை டெய்லரிடம் தைத்து வாங்கி, அரிசி மூட்டையை வைத்துத் தூக்கிப் பார்த்தார். தையல் பர்ரென்று பிரிந்து மூட்டை விழுந்து உடைந்தது. தெருவெல்லாம் அரிசி, தெருவெல்லாம் கோழி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அரிசி வுழுந்தா கோழி தின்னும். உங்க அண்ணி வுழுந்தா?" என்று கேட்டார். என் சிரிப்பு நின்றுபோனது.

அதிலிருந்து முடிச்சுதான். லாரியில் சரக்கு கட்டுகிற பட்டை பெல்ட்டை வாங்கி வந்தார். ஒரு பெல்ட்டில் தளர்வாக முடிச்சு போட்டு, இன்னொன்றின் நுனியை எதிர்ப்பக்கமிருந்து நுழைத்து, அதே முடிச்சின் தடத்திலேயே முறுக்காமல் கொண்டுவந்து இறுக்குவார். இரண்டு பக்கமும் ஒரு சாண் நுனியை வால்மாதிரி வெளியே விடவேண்டும். பாரம் ஏற ஏற வால் உள்ளே போகுமாம். முழுசாகப் போனால் முடிச்சு காலி. கட்டில், பீரோ, வாசல் கேட்டு, எதையும் விடவில்லை மனுஷர். கட்டுவார், இழுப்பார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். தட்டில் சோறு காயும். கடைசியில் பெல்ட்டுகளையே முடிந்து பையாக்கி, அதில் என்னையே உட்காரவைத்து ஏரிக்கரையில் ஓடினார். பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். மானம் போச்சு.

கிளம்புகிற அன்று பைக்கு மாலை, சந்தனம், குங்குமம். புது வண்டிக்கு வைப்பதுபோல் தன் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் புறப்பட்டார்.

மலையில் என் வேலை, பின்னாலேயே நடந்து வால் பார்ப்பது.

"வால் எம்மாம் இருக்குதுடா?"

"நாலு விரல் இருக்குதுண்ணே."

"இப்ப?"

"ரெண்டு விரல்... யண்ணே, நில்லு! நில்லு!"

பாதி மலையில் அண்ணியை இறக்கினோம். முடிச்சைத் தொட்ட என் கையெல்லாம் வழவழவென்று எண்ணெய்.

"இன்னாடி செஞ்ச?" என்றார் அண்ணன்.

"பூசைன்னா வண்டிய எண்ண வுட்டுத் தொடைக்கறதில்ல? நீ குளிக்கப் போனப்ப தேங்காண்ண வுட்டுத் தொடச்சேன். பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். மறுபடி கட்டினார், இழுத்தார், வழுக்கியது. அங்கே சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "கோணி ஊசி இருக்குது, தெச்சுக்கிறியாப்பா?" என்றாரே பார்க்கலாம்! நான் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "போதும்யா, எறங்கலாம். இங்கிருந்தே கும்புட்டுக்கிறேன்."

அண்ணன் பையைத் தூக்கி என்னிடம் போட்டார். முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறுடி, உப்பு மூட்டை. ரெண்டு கையையும் கழுத்துல கோத்துக்கோ. வுட்டுறாத."

கொஞ்சம் ஏறுவார், உட்காருவார், "மெதுவாப் போயேன்யா" என்று திட்டு வாங்குவார், மறுபடி ஏறுவார். ஏறியேவிட்டார். சன்னதியில் கற்பூரம் காட்டியபோது அண்ணி சாமியைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. தைலம் எடுத்துக்கொண்டு போனேன். குப்புறப் படுத்தபடியே அடுத்த பைக்குத் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி அண்ணியின் விரல் பதிந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"போதும்டா, தோலு உரியப் போவுது" என்றார்.

எனக்குத்தான் நிறுத்த மனசு வரவில்லை.